இன்றைய நாளில், நம் சேலத்தில்: வாசகசாலைப் பலகைக்கு நாள்கள் தேவை

அம்மாப்பேட்டை வாத்தியார் | ஜூலை 20, இரவு 8.10

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெரு வாசகசாலையின் வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஆறு ஆண்டுகளாக, தினமும் காலை ஆறரை மணிக்கு அதில் 'இன்றைய நாளில்' என்று தலைப்பிட்டு இரண்டு வரி எழுதுகிறேன். தறிக்குப் போகிறவர்களும் பால் வாங்க வருகிறவர்களும் ஒரு நிமிடம் நின்று படித்துவிட்டுப் போவார்கள்.

இன்று '1969: மனிதன் நிலவில் கால் வைத்த நாள்' என்று எழுதினேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன் வெகு நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஐயா, இந்தத் தேதியில் நம் ஊரில் எதுவுமே நடந்ததில்லையா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. உள்ளே போய் என் குறிப்பேட்டை முதலிலிருந்து புரட்டினேன். பாஸ்டில் சிறை இருக்கிறது, வாட்டர்லூ இருக்கிறது, டைட்டானிக் இரண்டு இடத்தில் இருக்கிறது. சேலம் என்ற சொல் ஆறு ஆண்டுகளில் மூன்று முறைதான் வந்திருக்கிறது. முப்பத்து நான்கு ஆண்டுகள் இந்த மாவட்டத்தில் வரலாறு கற்பித்தவன் நான். வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். சேலத்திலும், பழைய சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த ஊர்களிலும் நடந்தவற்றை நாள், மாதம், ஆண்டோடு தாருங்கள். பலகையில் இரண்டு வரிதான் இடம் உண்டு.

மேட்டூர் பரிசல் | ஜூலை 20, இரவு 8.52

ஐயா, அந்தப் பையனுக்கு நாளைக் காலையிலேயே பதில் சொல்லிவிடலாம். மேட்டூர் அணையின் கட்டுமானப் பணி தொடங்கியது 1925 ஜூலை 20. இதே தேதி!

எங்கள் ஊர் பண்ணவாடி. என் பாட்டனார் பிறந்த ஊர் இப்போது நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது. ஒன்பது ஆண்டுகள் வேலை நடந்து, 1934 ஆகஸ்ட் 21 அன்று அணை திறக்கப்பட்டது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஸ்டான்லியின் பெயரை நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. இந்த எண்களைச் செய்தித்தாளில் தினமும் படிக்கிறோம். நீர் நன்றாக இறங்கிவிடும் ஆண்டுகளில் எங்கள் துறையில் வந்து நின்று பாருங்கள். பழைய தேவாலயத்தின் கோபுரம் முதலில் வெளியே வரும். இன்னும் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி. அதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் பஸ் பிடித்து வருவார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்தக் காலங்களில் துறைப் பக்கமே போக மாட்டார்கள்.

பலகையில் எழுதும்போது ஆளுநர் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

செவ்வாப்பேட்டை பஞ்சாங்கம் | ஜூலை 20, இரவு 10.05

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நிலவு விஷயத்தில் ஒரு திருத்தம் இருக்கிறது. நீங்கள் எழுதியது அமெரிக்கர்களின் தேதி. ஆம்ஸ்ட்ராங் நிலவின் மண்ணில் கால் வைத்தபோது கிரீன்விச் கணக்கில் ஜூலை 21, அதிகாலை 2.56. அத்துடன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால், சேலத்தில் அப்போது 1969 ஜூலை 21, திங்கட்கிழமை, காலை 8.26. நம் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். விண்கலம் நிலவில் இறங்கியதுகூட நம் கடிகாரத்தில் 21ஆம் தேதி நள்ளிரவு தாண்டி 1.47 மணிக்குத்தான்.

எனவே நிலவை நாளைக்கு மாற்றிவிடுங்கள். ஜூலை 20 மேட்டூருக்கு உரிய நாள்.

தேதி என்பது எந்த இடத்தில் நின்று எண்ணுகிறோம் என்பதையும், எந்தக் காலண்டரை வைத்து எண்ணுகிறோம் என்பதையும் பொறுத்தது. அரசு அலுவலகத்தில் ஆங்கிலத் தேதி, கோயிலில் தமிழ்த் தேதி என்று இரண்டு கணக்கோடு வாழ்கிறவர்கள் நாம். பலகை எழுதுகிறவருக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

அம்மாப்பேட்டை வாத்தியார் | ஜூலை 21, காலை 7.20

இன்று பலகையில் இரண்டையும் எழுதினேன். 'நேற்று: 1925, மேட்டூர் அணைப் பணி தொடக்கம். இன்று: 1969, சேலத்தில் காலை 8.26 மணியாக இருந்தபோது மனிதன் நிலவில் கால் வைத்தான்.' பையன் அந்த 8.26ஐத் தன் நோட்டில் குறித்துக்கொண்டான். அந்த நேரத்தில் தன் தாத்தா எங்கே இருந்தார் என்று வீட்டில் கேட்கப் போவதாகச் சொன்னான்.

இதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. இன்னும் தாருங்கள்.

சங்ககிரி மலையடி | ஜூலை 21, காலை 11.40

அடுத்த வாரமே ஒரு நாள் வருகிறது, அதில் பிழை நேர்ந்துவிடக் கூடாது. தீரன் சின்னமலையைச் சங்ககிரிக் கோட்டையில் கம்பெனிக்காரர்கள் தூக்கிலிட்ட நாளைச் சொல்கிறேன்.

பாடப் புத்தகத்திலும் இணையத்திலும் 1805 ஜூலை 31 என்று போட்டிருக்கிறார்கள். நாங்கள் ஆடிப் பதினெட்டு அன்றுதான் அவருக்கு மாலை போடுகிறோம். அரசு மரியாதையும் அன்றுதான். இப்போது ஆடி 18 ஆகஸ்ட் 3இல் வருகிறது. இதை வைத்துக்கொண்டு, "உங்கள் ஊரில் நாளைத் தவறாகக் கொண்டாடுகிறீர்கள்" என்று சென்ற ஆண்டு ஓர் இளைஞர் என்னிடம் வாதாடினார். அப்பாவும் தாத்தாவும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த நாள் அது. ஆடிப்பெருக்குக் கூட்டத்தோடு கூட்டமாக மலையடிக்கு வந்து கும்பிட்டுவிட்டுப் போன நாள். ஏதோ ஒரு காகிதத்தில் ஜூலை 31 என்று இருப்பதால் அது பொய்யாகிவிடுமா? பலகையில் ஆடி 18 என்றே எழுதுங்கள்.

கிச்சிப்பாளையம் வக்கீல் | ஜூலை 21, மாலை 6.15

மலையடி அண்ணா, உங்கள் உணர்வு புரிகிறது. ஆனாலும் பலகைக்கு ஒரே அளவுகோல் வேண்டும் அல்லவா? மற்ற எல்லாவற்றுக்கும் ஆங்கிலத் தேதி, இதற்கு மட்டும் தமிழ்த் தேதி என்றால் படிக்கிற பிள்ளை குழம்பும். ஜூலை 31க்கும் ஆகஸ்ட் 3க்கும் நடுவே மூன்று நாள் இடைவெளி இருக்கிறது. இரண்டில் ஒன்றுதான் சரியாக இருக்க முடியும்.

செவ்வாப்பேட்டை பஞ்சாங்கம் | ஜூலை 21, இரவு 9.30

வக்கீல் தம்பி, இரண்டும் சரி. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இந்தக் கணக்கை எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம் தமிழ் மாதம் சூரியன் எந்த ராசியில் நிற்கிறது என்பதைக் கொண்டு பிறக்கிறது. கடகத்தில் நுழைந்தால் ஆடி. ராசியை நட்சத்திரங்களை வைத்து அளக்கிறோம். ஒரு நட்சத்திரத்திலிருந்து கிளம்பிய சூரியன் மறுபடி அதே நட்சத்திரத்துக்கு வந்து சேர 365 நாள், 6 மணி, 9 நிமிடம் ஆகிறது. ஆங்கிலக் காலண்டரோ பருவத்தைப் பின்பற்றுவது. அதன் ஆண்டு 365 நாள், 5 மணி, 49 நிமிடம். ஆண்டுக்கு இருபது நிமிட வித்தியாசம். இருபது நிமிடம் என்றால் அற்பமாகத் தெரியும். எழுபது, எழுபத்திரண்டு ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகிவிடும். அதனால்தான் நம் மாதப் பிறப்புகள் ஆங்கிலத் தேதியில் மெல்ல மெல்லப் பின்னால் தள்ளிப் போகின்றன.

இப்போது 1805க்குப் போங்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. மூன்று நாள் நகர்ந்திருக்க வேண்டும். இன்று ஏப்ரல் 14இல் பிறக்கும் சித்திரை அன்று ஏப்ரல் 11 வாக்கில் பிறந்தது. இன்று ஜூலை 17இல் பிறக்கும் ஆடி அன்று ஜூலை 14 வாக்கில் பிறந்தது. ஜூலை 14 ஆடி முதல் தேதி என்றால், ஆடி 18 எந்தத் தேதி? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஜூலை 31.

கம்பெனிக்காரன் தன் காலண்டரில் எழுதியதும், மலையடி ஜனங்கள் தங்கள் காலண்டரில் நினைவு வைத்ததும் ஒரே நாள்தான். கிழமைகூடச் சொல்கிறேன், அது புதன்கிழமை.

நம்பிக்கை வராதவர்களுக்கு இன்னொரு சான்று. விவேகானந்தர் பிறந்தது மகர சங்கராந்தி அன்று. ஆங்கிலத் தேதி 1863 ஜனவரி 12. இன்று தைப் பொங்கல் ஜனவரி 14 அல்லது 15இல் வருகிறது. அங்கேயும் அதே நகர்வுதான்.

சங்ககிரி மலையடி | ஜூலை 21, இரவு 10.48

ஐயா, இதைப் படித்து முடித்தபோது கண் கலங்கிவிட்டது. ஒளிக்காமல் சொல்கிறேன். காகிதம் எழுதத் தெரியாத ஜனங்கள் இருநூறு ஆண்டுகள் ஒரு நாளைத் தவறவிடாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். என் தாத்தா இதைக் கேட்க உயிரோடு இல்லை.

அந்த இளைஞரின் எண்ணைத் தேடி எடுத்து உங்கள் பதிவை அப்படியே அனுப்பிவிட்டேன்.

கிச்சிப்பாளையம் வக்கீல் | ஜூலை 22, காலை 6.55

என் வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வாத்தியார் ஐயா, ஜூலை 31, ஆடி 18 இரண்டு நாளிலும் எழுதுங்கள். ஏன் இரண்டு நாள் என்பதற்கும் ஒரு வரி எழுதுங்கள்.

இனி என் பங்குக்கு. சேலம் மாவட்டம் ஆங்கிலேயர் கைக்கு வந்ததற்கு மூலமான நாள் 1792 மார்ச் 18. ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை. மூன்றாம் மைசூர்ப் போரில் தோற்ற திப்பு சுல்தான் தன் நாட்டில் பாதியை விட்டுக்கொடுத்தார். பாரமகாலும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) சேலமும் அதில் போயின. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் கலெக்டராக வந்தார். அவருக்குக் கீழே தருமபுரியில் இருந்து வேலை பார்த்தவர் பின்னாளில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ. ரயத்துவாரி முறை, அதாவது ஜமீன்தாரை நடுவில் வைக்காமல் உழவனிடம் நேரே வரி வாங்கும் முறை, இந்த மண்ணை அளந்த அனுபவத்தில் உருவானது. என்னிடம் வரும் நில வழக்குகளில் பழைய ஆவணத்தைத் தோண்டினால் அந்த அளவையின் நிழல் இன்றைக்கும் தெரிகிறது.

ஒன்றுபட்ட மாவட்டத்திலிருந்து 1965 அக்டோபர் 2இல் தருமபுரியும், 1997 ஜனவரி 1இல் நாமக்கல்லும் பிரிந்தன. இவை சிறிய குறிப்புகளே. வேறு எதுவும் கிடைக்காத நாளில் எழுதிக்கொள்ளலாம்.

குகை நெசவாளி | ஜூலை 22, மாலை 5.30

1937 அக்டோபர் 1. வெள்ளிக்கிழமை. இந்தியாவிலேயே முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்த நாள். ராஜாஜி அப்போது மாகாணப் பிரதமர். தன் சொந்த மாவட்டத்தில்தான் தொடங்கினார். அவர் 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். நம் தெருக்களை நன்றாக அறிந்தவர்.

என் பாட்டிக்குத் தன் பிறந்த தேதி தெரியாது. "கள்ளுக்கடை மூடின வருஷம் எனக்கு ஒன்பது வயது" என்பார். ஒரு பெண் தன் வயதை அந்த நாளைக் கொண்டு எண்ணினார் என்றால் வீட்டுக்குள் அது எவ்வளவு பெரிய நாளாக இருந்திருக்க வேண்டும்! அதுவரை வாரக் கூலி வாங்கும் நாளன்று கொள்ளுப் பாட்டி கடை வாசலில் போய் நிற்பாராம், கூலி வீட்டுக்கு வந்து சேரட்டும் என்று. அடுத்தடுத்த ஆண்டுகளில் சித்தூர், கடப்பா, வட ஆற்காடு என்று மதுவிலக்கு பரவியது. இழந்த வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. கடையில் நாம் கட்டும் வரியின் பூர்வகதை இங்கே தொடங்குகிறது என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மற்றொன்று, 1938 ஜனவரி 19. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' வெளியான நாள். அது எடுக்கப்பட்டது நம் மாடர்ன் தியேட்டர்ஸில். ஏற்காடு சாலையில் அந்த நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது.

அஸ்தம்பட்டி அஞ்சல்காரர் | ஜூலை 23, காலை 9.05

நான் தயங்கித் தயங்கி எழுதுகிறேன். நாற்பது ஆண்டுகள் இந்த வட்டாரத்தில் தபால் கொடுத்தவன். மத்திய சிறையின் மதிலைத் தாண்டாமல் என் ஒரு நாளும் கழிந்ததில்லை.

1950 பிப்ரவரி 11, சனிக்கிழமை. அந்த மதிலுக்குள் துப்பாக்கிச் சூடு நடந்து கம்யூனிஸ்டுக் கைதிகள் இருபத்திரண்டு பேர் இறந்தார்கள். பலர் மலபாரின் உழவர் போராட்டங்களில் கைதாகி இங்கே கொண்டுவரப்பட்டவர்கள். தங்களை அரசியல் கைதிகளாக நடத்த வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. நாடு குடியரசாகி, அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து சரியாகப் பதினாறு நாள் ஆகியிருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த தபால்காரர் அந்த வாசலைத் தாண்டும்போது சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். காரணம் கேட்டேன். அந்த நாளைச் சொன்னார். எந்தக் கட்சியிலும் இல்லாதவர் அவர். அதற்குப் பிறகு நானும் இறங்கித்தான் போனேன்.

குகை நெசவாளி | ஜூலை 23, பிற்பகல் 1.20

அஞ்சல்கார அண்ணா, நீங்கள் எழுதியது மனதைத் தொட்டது. ஆனாலும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். காலையில் வேலைக்குப் போகிறவன் படிக்கும் பலகை அது. பிள்ளைகள் படிப்பது. அங்கே துப்பாக்கிச் சூடு வேண்டுமா? ஒன்றை எழுதினால் அடுத்த கட்சிக்காரர் இன்னொன்றைக் கொண்டுவருவார். வாசகசாலைக்குள் சண்டை வரும். அணை, ரயில், படிப்பு, தொழில் என்று ஊருக்கு நன்மை செய்த நாள்களே போதாதா?

அஸ்தம்பட்டி அஞ்சல்காரர் | ஜூலை 23, மாலை 4.45

தம்பி, பாஸ்டில் சிறை ஆறு ஆண்டுகளாக அந்தப் பலகையில் இருக்கிறது என்று வாத்தியாரே சொன்னார். பாரிஸ் சிறையை எழுதலாம், நம் வீட்டுக்கு இரண்டு மைல் தொலைவில் இருக்கும் சிறையை எழுதக் கூடாது என்றால் அதை என் மனம் ஒப்பவில்லை.

கிச்சிப்பாளையம் வக்கீல் | ஜூலை 23, இரவு 8.00

நான் அஞ்சல்காரர் ஐயாவின் பக்கம். கூடவே அதைவிடக் கடினமான ஒன்றையும் முன்வைக்கிறேன்.

1882இல் சேலத்தில் இந்து முஸ்லிம் கலவரம் நடந்தது. பள்ளிவாசல் ஒன்றையும் கோயில் ஊர்வலத்தையும் பற்றிய தகராறு. அப்போது நகராட்சி உறுப்பினராக இருந்த இளம் வக்கீல் விஜயராகவாச்சாரியார் கலவரத்தைத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, பத்து ஆண்டு தண்டனை பெற்றார். சென்னை உயர் நீதிமன்றத்தில் தானே போராடி விடுதலையானார். நகராட்சிப் பதவியிலிருந்து நீக்கியதை எதிர்த்து லண்டனிலிருந்து இந்தியாவை நிர்வகித்த இந்தியா மந்திரியின் மேலேயே வழக்குப் போட்டு வென்றார். அந்தத் தீர்ப்பைச் சட்டம் படித்த காலத்தில் நான் ஊர்ப் பெருமையோடு படித்தேன். அதே மனிதர் 1920 டிசம்பரில் நாகபுரி காங்கிரஸுக்குத் தலைமை தாங்கினார். ஒத்துழையாமை இயக்கத்தை உறுதி செய்த மாநாடு அது.

அவர் பிறந்தது 1852 ஜூன் 18, மறைந்தது 1944 ஏப்ரல் 19. கலவர நாளைப் பலகையில் எழுத வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். யார் வீட்டுப் புண்ணையும் கிளற வேண்டியதில்லை. அவர் பிறந்த நாளன்று 'பொய்க் குற்றச்சாட்டிலிருந்து நீதிமன்றத்தில் மீண்டவர்' என்று ஒரு வரி எழுதினால், கேட்கிற பிள்ளைக்கு மீதியை வாத்தியார் வாயால் சொல்லலாம்.

அவர் மறைந்த அதே 1944இல், நான்கு மாதம் கழித்து, ஆகஸ்ட் 27 ஞாயிற்றுக்கிழமை, இதே சேலத்தில் நீதிக்கட்சி மாநாடு கூடி 'திராவிடர் கழகம்' என்று பெயர் மாறியது. பெரியார் தலைமை, தீர்மானம் அண்ணாவுடையது. வெள்ளையர் கொடுத்த ராவ் பகதூர், திவான் பகதூர் பட்டங்களைக் கட்சிக்காரர்கள் துறக்க வேண்டும் என்று சொன்ன தீர்மானம். தமிழ்நாட்டின் அரசியல் திசையே அன்று திரும்பியது. அது எந்த ஊரில் நடந்தது என்று கேட்டால் சென்னை, ஈரோடு என்று பதில் சொல்லும் சேலத்துக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். வருத்தமாக இருக்கும்.

குகை அண்ணா, கட்சிக்காரர் இன்னொன்றைக் கொண்டுவரட்டுமே. நடந்தது உண்மை என்றால் அதையும் எழுதுவோம்.

அம்மாப்பேட்டை வாத்தியார் | ஜூலை 24, காலை 7.45

இரவெல்லாம் யோசித்தேன். பிப்ரவரி 11ஐ எழுதுவேன். அடைமொழி சேர்க்காமல், எத்தனை பேர், எங்கே, எந்த ஆண்டு என்று மட்டும் எழுதுவேன். குகைத் தம்பியின் கவலையும் நியாயமானது. பலகையில் யாரையும் ஏச மாட்டேன், யாருக்கும் கோஷம் போட மாட்டேன். அக்டோபர் 1ஆம் தேதிக்கு அவர் பாட்டியின் வயதுக் கணக்கையே எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கிறேன்.

குகை நெசவாளி | ஜூலை 24, காலை 8.30

தாராளமாக, ஐயா. பிப்ரவரி 11 பற்றி இன்னும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஆனால் நீங்கள் எழுதுவதாக இருந்தால் அன்று காலை நானும் வந்து நிற்பேன்.

நேற்றே சொல்ல நினைத்தேன், விட்டுப்போயிற்று. ஜூலை 23: 1967இல் முதலமைச்சர் அண்ணா சேலம் இரும்பாலைக்காகவும் சேதுக் கால்வாய்க்காகவும் எழுச்சி நாள் நடத்தச் சொன்ன நாள். அடிக்கல் 1970இல், உற்பத்தி 1981இல். கேட்டது ஒரு தலைமுறை, வேலைக்குப் போனது அடுத்த தலைமுறை. என் அண்ணன் அங்கேதான் வேலை பார்த்தார்.

ஏற்காடு மிளகுக்கொடி | ஜூலை 26, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். மலையில் நான்கு நாளாக மழை, மின்சாரம் இல்லை. இப்போதுதான் எல்லாப் பதிவையும் படித்தேன்.

ஐயா, உங்கள் விதியில் எங்கள் மலைக்கு இடமே இல்லை. ஏற்காட்டில் என்ன நடந்தது என்று தேதியோடு கேட்டால், கலெக்டர் காக்பர்ன் பெயரைச் சொல்வார்கள். 1820களில் அவர் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார், பேரிக்காயும் மற்றப் பழ மரங்களும் கொண்டுவந்தார் என்பார்கள். அதற்கும் நாள் கிடையாது. அவருக்கு முன்னால் எத்தனையோ காலமாக இந்த மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்களின் வரலாற்றுக்கு ஆண்டுகூடக் கிடையாது. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்தார்கள், மூத்தவர் சேர்வராயன் மலையிலும், இரண்டாமவர் பச்சைமலையிலும், இளையவர் கொல்லிமலையிலும் குடியேறினார்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. இதை எந்தத் தேதியில் எழுதுவீர்கள்?

என் அம்மா எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர். ஆண்டைப் பறிப்பைக் கொண்டுதான் எண்ணுவார். "நீ பிறந்தது முதல் பறிப்பு முடிந்து இரண்டாம் பறிப்பு தொடங்கும் முன்னே" என்பார். பள்ளியில் சேர்க்கும்போது ஏதோ ஒரு தேதியை எழுதிக்கொண்டார்கள். அதுதான் இன்று என் எல்லாக் காகிதத்திலும் இருக்கிறது. அம்மா சொன்னதுதான் என் உண்மையான பிறந்த நாள் என்று எனக்குத் தோன்றும்.

நாள் குறிக்கப்பட்டவை எல்லாம் ஆளுநரும் கலெக்டரும் கட்சியும் செய்தவையாகவே இருக்கின்றன. பழம் பறித்த கைக்கு நாள் இல்லை. பலகையில் எங்களுக்கும் இரண்டு வரி வேண்டும்.

செவ்வாப்பேட்டை பஞ்சாங்கம் | ஜூலை 26, இரவு 10.20

அம்மா, நீங்கள் சொன்னது பஞ்சாங்கம் பார்க்கிறவனுக்கு உறைக்கிறது. பஞ்சாங்கம் பிறப்பதற்கு முன்னால் பூவையும் மழையையும் பார்த்துத்தான் மனிதன் காலம் கணித்தான். சேர்வராயன் கோயில் திருவிழாவும் வைகாசியில் மலை மக்கள் தாங்களே கூடி எடுப்பதுதானே.

மேட்டூர் பரிசல் | ஜூலை 27, காலை 6.10

எங்கள் பக்கமும் அப்படித்தான், அக்கா. அணை திறந்த நாள் தெரிகிறது. பாசனத்துக்கு நீர் திறக்கும் ஜூன் 12 தெரிகிறது. தஞ்சாவூர்ப் பக்கம் குறுவைக்கு அந்த நாளைத் திருநாள் மாதிரி எதிர்பார்ப்பார்கள். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தபோது டெல்டாவில் பட்டாசு வெடிக்காத குறைதான். என் பாட்டனார் வீட்டைக் காலி செய்துவிட்டு மேட்டுக்கு வந்த நாள் எந்த ஏட்டிலும் இல்லை.

அம்மாப்பேட்டை வாத்தியார் | ஜூலை 27, இரவு 8.40

மிளகுக்கொடி அம்மா, விதி போட்டது நான். மாற்றுவதும் நானே. பங்குனி, சித்திரையில் பூ மழை பெய்து காப்பி பூக்கிறதல்லவா? உங்கள் பக்கம் முதல் பூ பூத்த காலையில் எனக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். அன்று பலகையில் வேறு எது இருக்க வேண்டியிருந்தாலும் அழித்துவிட்டு, 'இன்று சேர்வராயன் மலையில் காப்பி பூத்தது. இருநூறு ஆண்டுகளாகப் பூக்கிறது' என்று எழுதுகிறேன். பறிப்புத் தொடங்கும் நாளிலும் அப்படியே. ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும். மாறட்டும்.

ஏற்காடு மிளகுக்கொடி | ஜூலை 27, இரவு 9.05

கட்டாயம் சொல்கிறேன், ஐயா. விடியும் முன்னே வாசனை வந்துவிடும். ஆறரை மணிக்குள் உங்களுக்குச் செய்தி வந்து சேரும்.

அம்மாப்பேட்டை வாத்தியார் | ஆகஸ்ட் 3, மாலை 6.30

ஜூலை 31 அன்று எழுதினேன். இன்று ஆடிப் பதினெட்டு, மறுபடி எழுதினேன். '1805இல் இந்த இரண்டு நாளும் ஒரே நாள்' என்று கீழே போட்டேன். எப்போதையும்விட இன்று அதிகக் கூட்டம் நின்றது. மேட்டூருக்கு ஆடிப்பெருக்குக்குப் போகக் கிளம்பிய ஒரு குடும்பம் ஆட்டோவை நிறுத்திவிட்டு விளக்கம் கேட்டது. அந்தப் பையன் எனக்கு முன்னால் பதில் சொல்லத் தொடங்கிவிட்டான். இருபது நிமிடக் கணக்கு முழுவதும் அவனுக்கு மனப்பாடம்.

ஆகஸ்ட் 21ஆம் தேதிப் பலகையைத் தானே எழுதுவதாகக் கேட்டிருக்கிறான். சம்மதித்துவிட்டேன். நீருக்குள் போன ஊர்களைப் பற்றியும் எழுத வேண்டும் என்கிறான். இரண்டு வரிக்குள் எப்படி அடக்குவது என்று தெரியவில்லையாம். பரிசல் தம்பி, உங்கள் வாயால் அந்த இரண்டு வரியைச் சொல்லுங்கள்.

மேட்டூர் பரிசல் | ஆகஸ்ட் 3, இரவு 11.50

துறையிலிருந்து இப்போதுதான் வந்தேன். இன்று கூட்டம் அதிகம். அம்மாவிடம் கேட்டு எழுதுகிறேன்:

'1934, ஆகஸ்ட் 21, செவ்வாய்: மேட்டூர் அணை திறக்கப்பட்டது.
டெல்டாவுக்கு நீர் வந்தது. நீருக்கு ஊர் கொடுத்தவர்கள் மேடேறிப் போனார்கள்.'

இரண்டாம் வரி அம்மா சொன்னது. பையனிடம் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள், ஐயா.